சேலை கட்டிய பீமனும் மீசை ஒட்டாத நாங்களும்

போன கட்டுரை நம்ம ஊர்ப் பூட்டைப் பற்றி. இந்தத் தடவை சென்னை, பம்பாய், பாரிஸ் என்று கொஞ்சம் தூரம் போகிறேன். ஆனால் கிளம்புவது திண்டுக்கல்லிலிருந்துதான். கொஞ்சம் நீளமான கட்டுரை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கல்லூரி ஆண்டு விழாவில் (கல்லூரி பெயர் வேண்டாம், வகுப்புத் தோழர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தேவையில்லை) பசங்க ஐந்து பேர் சேலை கட்டிக்கொண்டு குழாயடிச் சண்டை நாடகம் போட்டார்கள். பிளாஸ்டிக் குடம், ஜவுரி முடி, லிப்ஸ்டிக் எல்லாம் ரெடி. அரங்கமே அதிர்ந்தது. முதல் பரிசு. நானும்தான் வயிறு வலிக்கச் சிரித்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

அதே விழாவுக்கு நாங்கள் நான்கு பெண்கள் ஒரு நாடகம் எழுதிக் கொடுத்திருந்தோம். பெயர் 'மாப்பிள்ளை பார்க்கும் படலம்'. பெண் வீட்டார் நாலு பேர் வந்து கால் மேல் கால் போட்டு உட்காருவார்கள். மாப்பிள்ளை தலை குனிந்தபடி கேசரி, பஜ்ஜி, காபியோடு வருவார். "தம்பிக்குப் பாடத் தெரியுமா?" "கொஞ்சம் நடந்து காட்டச் சொல்லுங்க." "வேலைக்குப் போறது எல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம் எங்க பொண்ணு முடிவு பண்ணிக்கும்." இவ்வளவுதான் நாடகம். ஒத்திகை பார்த்துவிட்டு, பெற்றோர்கள் எல்லாம் வருவார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதோடு விட்டிருந்தால் நானும் மறந்திருப்பேன். "வேணும்னா மீசை ஒட்டிக்கிட்டு ஆம்பளை வேஷத்துல வந்து வழக்கமான பொண்ணு பார்க்கிற காமெடியா பண்ணுங்க" என்றார்கள். அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. பெண் மீசை ஒட்டினால் பரவாயில்லை, ஆண் சேலை கட்டினால் முதல் பரிசு. பெண் பெண்ணாகவே வந்து ஆணின் நாற்காலியில் உட்கார்ந்தால் மட்டும் என்ன பிரச்சினை?

இதை யாராவது நமக்கு முன்னால் செய்து பார்த்திருக்கிறார்களா என்று தேட ஆரம்பித்தேன். தேடினால், சினிமா பேசக் கற்றுக்கொள்வதற்கு முன்பே செய்திருக்கிறார்கள்!

1906. பாரிஸில் கோமான் என்ற பெரிய படக் கம்பெனி. அங்கே செக்ரட்டரியாக வேலைக்குச் சேர்ந்து, பிறகு படம் எடுக்கும் பொறுப்புக்கே வந்தவர் ஆலிஸ் கை. 1896லேயே கதைப் படம் எடுத்தவர், உலகின் முதல் பெண் இயக்குநர். அவர் 1906ல் எடுத்த ஏழு நிமிடப் படத்தின் பெயரைத் தமிழில் 'பெண்ணியத்தின் விளைவுகள்' என்று சொல்லலாம். இன்றைக்கும் இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். அதில் ஆண்கள் துணி தைக்கிறார்கள், இஸ்திரி போடுகிறார்கள், குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். பெண்கள் சிகரெட் பிடிக்கிறார்கள், காபிக்கடையில் உட்கார்ந்து குடித்துவிட்டு அரட்டை அடிக்கிறார்கள். பார்க் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஓர் ஆணிடம் ஒரு பெண் வந்து உரசுகிறாள். அவன் நெளிகிறான், முகத்தை மூடிக்கொள்கிறான், மயக்கமே வருகிறது. கடைசியில் ஆண்கள் எல்லாம் பொறுமை இழந்து குழந்தைகளோடு அந்தக் கடைக்குள் புகுந்து, பெண்களை வெளியே விரட்டிவிட்டு, அந்த இடத்தில் தாங்கள் உட்கார்ந்து கோப்பையைத் தூக்குகிறார்கள். படம் முடிந்தது.

நான் முக்கியமாகக் கவனித்தது உடையை. ஆண்கள் பாவாடை கட்டவில்லை, பெண்கள் மீசை ஒட்டவில்லை. அவன் பேன்ட்டில்தான் இருக்கிறான், அவள் பாவாடையில்தான் இருக்கிறாள். மாறியது இடமும் நடையும்தான். எங்கள் நாடகமும் இதேதான்! நூற்றுப் பதினைந்து வருஷத்துக்கும் மேல் லேட், அவ்வளவே.

இந்தப் படம் பெண்களுக்கு ஆதரவானதா, எதிரானதா என்று இன்று வரை வாதம் ஓடுகிறது. தலைப்பைப் பார்த்தால், பெண்ணுக்கு உரிமை கொடுத்தால் இப்படித்தான் ஆகும் என்று பயமுறுத்துவது போல இருக்கிறது. முடிவில் ஆண்கள் ஜெயிக்கிறார்கள். ஆனால் நடுவில் வரும் அந்த பார்க் பெஞ்சு? அங்கே அந்தப் பெண் செய்வது ஒவ்வொன்றும் அன்றாடம் ஆண்கள் செய்வதுதான். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் சாயங்காலம் ஆறு மணிக்கு நின்றிருக்கும் எந்தப் பெண்ணுக்கும் அந்தக் காட்சிக்கு விளக்கம் தேவைப்படாது. ஆலிஸ் கை பிறகு அமெரிக்கா போய்ச் சொந்த ஸ்டூடியோ வைத்து, 1912ல் 2000ஆம் ஆண்டில் பெண்களே உலகை ஆள்வதாக இதே கதையை மறுபடி எடுத்தார். அந்தப் பிரதி காணாமல் போய்விட்டது.

சரி, இது பாரிஸ் சமாச்சாரம், நமக்கென்ன என்று கேட்பீர்கள். இனிமேல் வருவதுதான் என்னை உண்மையிலேயே ஆச்சரியப்படுத்தியது. ஆலிஸ் கையின் படத்துக்கு ஒரு வருஷம் முன்பே, 1905ல், இதே தலைகீழ் விளையாட்டு சென்னையில் அச்சாகிவிட்டது. கமலா சத்தியநாதன் என்பவர் சென்னையிலிருந்து பெண்களுக்காக ஓர் ஆங்கிலப் பத்திரிகை நடத்தினார். அதில் ரொக்கேயா சகாவத் உசேன் எழுதிய 'சுல்தானாவின் கனவு' வெளிவந்தது. ரொக்கேயா வங்காளி, அப்போது பீகாரில் பாகல்பூரில் இருந்தார். கதையில் ஒரு பெண்கள் நாடு. ஆண்கள் எல்லாம் அந்தப்புரத்துக்குள், சமையலும் பிள்ளை வளர்ப்பும் அவர்கள் பொறுப்பு. வெளியே பெண்கள் அறிவியல் படித்து, சூரிய வெப்பத்தைத் திரட்டி எதிரிப் படையையே விரட்டி, பறக்கும் வண்டியில் போகிறார்கள். ஆபத்தானவர்கள் ஆண்கள் என்றால் அடைத்து வைக்க வேண்டியது யாரை என்பதுதான் கதை கேட்கும் கேள்வி. கனவு காணும் சுல்தானா கூச்சத்தோடு தெருவில் நடக்க, பார்க்கிற பெண்கள் அவளை "ஆம்பளை மாதிரி கூச்சப்படுறா" என்கிற அர்த்தத்தில் கிண்டல் செய்வது எனக்கு மிகவும் பிடித்த இடம். கதையைப் படித்த அவருடைய கணவரே, இது சரியான பழிவாங்கல் என்கிற மாதிரி சொன்னாராம் (நல்ல மனிதர்). இங்கேயும் யாரும் வேஷம் மாறவில்லை, கவனியுங்கள்.

ஆக, ஏட்டில் இருந்தது. திரைக்கு வந்ததா? தென்னாட்டில் சினிமா காட்டத் தொடங்கியவர்களில் முக்கியமானவரான சாமிக்கண்ணு வின்சென்ட், 1905ல் நமக்குப் பக்கத்துத் திருச்சியில் ரயில்வே வேலையை விட்டுவிட்டு, ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக் கருவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். மிஷின் இருக்கிறது, கூடாரம் இருக்கிறது, கூட்டம் இருக்கிறது. இல்லாதது ஒன்றே ஒன்று. படத்தில் நடிக்கப் பெண்.

அன்றைய நாடக மேடையை நினைத்துப் பாருங்கள். மதுரை, திண்டுக்கல் பக்கம் இன்றும் திருவிழாவில் வள்ளி திருமணம் பார்த்தவர்களுக்கு 'ஸ்திரீ பார்ட்' என்ற வார்த்தை தெரிந்திருக்கும். பாய்ஸ் கம்பெனிகளில் பையன்களே வள்ளி, பையன்களே பவளக்கொடி. இது கேலி கிடையாது, கலை. நன்றாகப் பெண் வேடம் கட்டுபவருக்குத் தனி மரியாதை. கும்பகோணத்தில் பாலாமணி கம்பெனி இதற்கு நேர் எதிர், எல்லா வேடமும் பெண்கள். அதைப் பார்க்க 'பாலாமணி ஸ்பெஷல்' என்றே ரயில் ஓடியது என்று சொல்வார்கள். அதாவது வேஷம் மாறுவது நமக்குப் புதிதே இல்லை. ஆண் சேலை கட்டுவது ஏற்கெனவே ஊரறிந்த விஷயமாக இருக்கும் இடத்தில் அதை வைத்து யாரைக் குத்த முடியும்?

பால்கே 1913ல் 'ராஜா ஹரிச்சந்திரா' எடுத்தபோது தாராமதியாக நடித்தவர் அண்ணா சாலுங்கே என்ற ஆண். ஹோட்டலில் வேலை பார்த்தவர். பெண்கள் யாரும் நடிக்க வரவில்லை, வந்த ஆண்களோ மீசையை எடுக்க மாட்டேன் என்று தகராறு, அப்பா உயிரோடு இருக்கும்போது எப்படி எடுப்பது என்று. மீசைப் பிரச்சினை அப்போதே ஆரம்பம்! அதே சாலுங்கே 1917ல் 'லங்கா தகன்' படத்தில் ராமரும் அவரே, சீதையும் அவரே. நடுவில் 1913லேயே 'மோகினி பஸ்மாசுர்' படத்தில் துர்காபாய் காமத்தும் அவர் மகள் கமலாபாயும் நடித்தார்கள். முதன்முதலில் நம் திரைக்கு வந்த பெண்களில் ஒருவருக்குக் கிடைத்த வேடம் மோகினி, அதாவது பெண் உருவம் எடுத்த விஷ்ணு. பெண்ணுக்குக் கிடைத்ததே பெண் வேடம் போட்ட ஆணின் வேடம்தான்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். ஆர். நடராஜ முதலியார் சென்னை புரசைவாக்கத்தில் எடுத்த 'கீசக வதம்' தான் தென்னிந்தியாவின் முதல் கதைப் படம். 1917 என்றும் 1918 என்றும் சொல்வார்கள். திரௌபதியாக ஜீவரத்தினம் என்ற நாடக நடிகை. இதில் நடிகர்களுக்குப் பயிற்சி கொடுத்து உதவியவர் முதலியாரின் நண்பர் ரங்கவடிவேலு. யார் அவர்? வக்கீல். பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபையில் பெண் வேடத்துக்குப் பேர் போனவர்! தமிழ்த் திரையின் முதல் கதாநாயகி எப்படி நிற்க வேண்டும், எப்படித் திரும்ப வேண்டும் என்று வழிகாட்ட வந்தவர், மேடையில் பெண்ணாக நடித்துப் பழகிய ஓர் ஆண். இதை முதலில் படித்தபோது சிரித்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை. 'பெண்மை' என்று நாம் திரையில் பார்த்துப் பழகியதில் எவ்வளவு ஆண்களின் தயாரிப்பு என்று யோசனை வந்துவிட்டது. அந்தத் தலை குனிவு, அந்த விரல் நகம் கடிப்பு, கால் கட்டை விரலால் தரையில் கோலம்...

கதையைக் கவனித்தீர்களா? விராட தேசத்தில் அரசியின் தம்பி கீசகன், வேலைக்காரியாக இருக்கும் திரௌபதியைத் தொந்தரவு செய்கிறான். இன்றைய மொழியில் சொன்னால் வேலையிடத்துப் பாலியல் சீண்டல். அவள் சபையில் முறையிடுகிறாள், பெரியவர்கள் வாய் திறக்கவில்லை. கடைசியில் ராத்திரி நாட்டிய மண்டபத்துக்கு வரச் சொல்லிவிட்டு, அவளுக்குப் பதில் பீமன் காத்திருந்து அடித்துக் கொல்கிறான். ஊர்ப்பக்கம் சொல்லும் கதையில் பீமன் சேலை கட்டி முக்காடு போட்டு உட்கார்ந்திருப்பான். தொட வந்த கை, பெண் கை என்று நினைத்துப் பீமன் கையைப் பிடிக்கும். கூத்தில் ஜனம் கைதட்டும் இடமே அதுதான். மராத்தியில் 1907ல் கிருஷ்ணாஜி காதில்கர் இதே கதையை நாடகமாக்கி, கீசகனைக் கர்சன் பிரபுவாகவும் திரௌபதியை பாரத தேசமாகவும் ஜனங்கள் புரிந்துகொண்டதால், வெள்ளைக்காரன் 1910ல் தடையே போட்டான். சேலை கட்டிய ஆண் இங்கே கேலிப் பொருள் இல்லை, தண்டனை கொடுப்பவன். ஆனால் ஒன்று, இதிலும் திரௌபதியின் வேலை வரச் சொல்வதோடு முடிந்துவிடுகிறது. அடிப்பதற்கு அவளுடைய சேலை வேண்டும், அவள் வேண்டாம்.

முதலியாரின் பிந்தைய படங்களுக்கு ஆங்கிலோ இந்தியப் பெண்களைத் தேடிப் போக வேண்டியிருந்தது. காரணம் தெரிந்ததுதான். நடிப்பு என்றால் 'குடும்பப் பெண்' வரக்கூடாத இடம். வந்தவர்கள் தேவதாசி குடும்பங்களிலிருந்தும், நாடகக் கம்பெனிகளிலிருந்தும், ஆங்கிலோ இந்திய, யூதக் குடும்பங்களிலிருந்தும் வந்தார்கள். 1927ல் அரசாங்கம் சினிமாவை ஆராய ஒரு கமிட்டி போட்டது. தலைவர் சென்னை வக்கீல் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார். ஊர் ஊராகப் போய் 353 சாட்சிகளை விசாரித்து 1928ல் அறிக்கை கொடுத்தார்கள். நல்ல குடும்பத்துப் பெண்கள் நடிக்க வருவதில்லையே என்ற கவலை அதிலும் உண்டு. கமிட்டியில் எத்தனை பெண்கள் என்று கேட்காதீர்கள். ஆறு பேர், ஆறு பேரும் ஆண்கள்.

இந்தச் சமயத்தில் பம்பாயில் காட்சி மாற ஆரம்பித்திருந்தது. ரூபி மையர்ஸ் என்ற யூதப் பெண், டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர், சுலோச்சனா என்ற பெயரில் பெரிய ஸ்டார் ஆனார். 1926ல் 'டெலிபோன் கேர்ள்', 'டைப்பிஸ்ட் கேர்ள்'. வேலைக்குப் போகும் பெண், அதுவே தலைப்பு! 1927ல் 'வைல்டு கேட் ஆஃப் பாம்பே' படத்தில் எட்டு வேடம், தோட்டக்காரன், போலீஸ்காரன் உட்பட. சாலுங்கே சேலை கட்டிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆனபின் ஒரு பெண் போலீஸ் தொப்பியை மாட்டிக்கொண்டாள். பம்பாய் கவர்னரைவிட அதிகச் சம்பளம் வாங்கினார் என்று பேச்சு.

ஆனால் என் கதைக்கு முக்கியமான படம் சந்துலால் ஷா 1927ல் எடுத்த 'குணசுந்தரி'. இதற்கு ஆங்கிலத்தில் இன்னொரு தலைப்பும் உண்டு, புருஷன்மார் ஏன் வழி தவறுகிறார்கள் என்று. நாயகி கோஹர். நாள் முழுக்க வீட்டு வேலை பார்க்கும் உத்தம மனைவி. புருஷன் ராத்திரி வந்து ஆபீஸ் கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பித்தால் இவள் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்கிறாள். அவன் ஒரு நாட்டியக்காரியிடம் போய்விடுகிறான். வழக்கமாக என்ன ஆகும்? இவள் அழுது, விரதம் இருந்து, அவன் திருந்துவான். இங்கே அவளும் அலங்காரம் செய்துகொண்டு ராத்திரி வெளியே கிளம்புகிறாள். எங்கே போகிறாய் என்று கேட்கிற நிலைமைக்குப் புருஷன் வந்துவிடுகிறான். அவ்வளவுதான் தலைகீழ், ஒரே ஒரு வாசல்படியைத் தாண்டுவது. அவள் மீசை ஒட்டவில்லை.

இந்த இரண்டு படங்களிலும், 'டைப்பிஸ்ட் கேர்ள்', 'குணசுந்தரி' இரண்டிலும், நடித்த ராஜா சாண்டோ யார் தெரியுமா? புதுக்கோட்டைக்காரர், நிஜப் பெயர் நாகலிங்கம், பயில்வான். பம்பாயில் பேர் வாங்கிவிட்டுச் சென்னைக்கு வந்து 1930 வாக்கில் 'பேயும் பெண்ணும்', 'அனாதைப் பெண்' என்று படங்கள் இயக்கினார். புராணத்தை விட்டு சமூகக் கதைக்குத் தமிழ் மௌனப் படம் திரும்பியதில் அவருக்குப் பெரிய பங்கு.

'குணசுந்தரி'க்கு நான் கொடி பிடிக்கவில்லை. தலைப்பைப் பாருங்கள், புருஷன் வழி தவறினால் காரணம் மனைவி என்று ஒரு விரல் அவளை நோக்கித்தான் நீள்கிறது. ஆலிஸ் கை படத்தில் இருந்த அதே இரண்டு பக்கக் கத்தி. தாய்மார்களுக்குப் புத்தி சொல்லும் படம் என்று ஆண்கள் டிக்கெட் வாங்கியிருப்பார்கள். அந்த வாசல்படிக் காட்சிக்காகப் பெண்கள் வாங்கியிருப்பார்கள். பேச்சே இல்லாத படம் வேறு, இருட்டில் யார் எதற்குச் சிரித்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? சாப்ளின் கூட 1914ல் சேலை... மன்னிக்கவும், கவுன் மாட்டிக்கொண்டு சண்டைக்கார மனைவியாக அடிதடி செய்திருக்கிறார். வாக்குரிமை கேட்டுப் பெண்கள் போராடிக்கொண்டிருந்த நேரம், அந்தப் படத்துக்கு அவர்களைக் குத்தும் ஒரு பெயரும் இருந்தது. எங்கள் ஆண்டு விழாக் குழாயடிச் சண்டையின் கொள்ளுத்தாத்தா அதுதான் என்பேன்.

டி. பி. ராஜலட்சுமியைச் சொல்லாமல் போனால் பாவம். திருவையாற்றில் பிறந்து, சிறு வயதிலேயே கல்யாணம் செய்து வைக்கப்பட்டு, அதிலிருந்து வெளியே வந்து, நாடகம், மௌனப் படம், 1931ல் 'காளிதாஸ்' என்று போய், 1936ல் தன் சொந்தக் கதையை 'மிஸ் கமலா' என்று தானே இயக்கினார். ஆனால் அது பேசும் படக் காலம், தனிக் கட்டுரைக்கான ஆள்.

இதில் பெரும்பாலான படங்களை இனி யாரும் பார்க்க முடியாது. தென்னிந்திய மௌனப் படங்களில் இன்று கையில் இருப்பது நாகர்கோவில் சுந்தரராஜ் தயாரித்த 'மார்த்தாண்ட வர்மா' ஒன்றுதான். 'கீசக வதம்' போய்விட்டது. ஜீவரத்தினம் ரங்கவடிவேலு காட்டியபடியே நின்றாரா, அல்லது எங்காவது ஒரு நொடி தன் இஷ்டத்துக்கு நின்றாரா என்று பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை.

போன ஞாயிற்றுக்கிழமை வேடசந்தூரில் அப்பத்தா வீட்டுக்குப் போயிருந்தேன். அப்பத்தா டூரிங் டாக்கீஸ் தலைமுறை. மணல் தரை, நடுவில் குட்டைச் சுவர், அந்தப் பக்கம் ஆண்கள், இந்தப் பக்கம் பெண்கள். "படத்துல என்ன நடந்தாலும் மொதல்ல அந்தப் பக்கந்தான் சிரிப்பாணுக. நாங்க சேலைத்தலப்ப வாயில வச்சுக்கிட்டு மெதுவா சிரிப்போம்" என்று சொல்லும். ஆலிஸ் கையின் படத்தை போனில் போட்டுக் கொடுத்தேன். ஊமைப் படம்தானே, பிரெஞ்சு தெரிய வேண்டியதில்லை.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தது. இஸ்திரி போடும் ஆளைப் பார்த்து, "இவன் ஏன்டி இப்பிடி நெளியிறான்?" என்றது. பார்க் பெஞ்சு வந்ததும் தலைப்பெல்லாம் தேடவில்லை, வாய் விட்டே சிரித்தது. திரும்பப் போடச் சொல்லி இரண்டு தடவை பார்த்தது. கடைசியில் ஆண்கள் கடைக்குள் புகுந்து பெண்களை விரட்டியதும் சிரிப்பு நின்றுவிட்டது.

"முடிஞ்சு போச்சா?"

"ஆமா அப்பத்தா, அவ்வளவுதான்."

"வெளிய தள்ளுனானுகளே, அவளுக எங்க போனாளுக? அதக் காட்டலையே" என்று போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

எங்கள் நாடகத்தின் கையெழுத்துப் பிரதியையும் படித்துக் காட்டினேன். மாப்பிள்ளை பஜ்ஜித் தட்டோடு வரும் இடத்தில், "காபி டம்ளரு யாரு கழுவுறது, அதையும் எழுது" என்றது. எழுதியாயிற்று.

அடுத்த மாதம் ஹாஸ்டல் மொட்டை மாடியில் போடுகிறோம். ஒட்டு மீசை கிடையாது. மாப்பிள்ளையாக நடிக்க ஒரு ஆள்தான் இன்னும் கிடைக்கவில்லை.